எந்த வாசலில் நின்று எண்ணினார்கள்?

வீடியோ கேம் என்றதும் இது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கல்முனை பஸாரிலும் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பிரதான வீதிகளிலும் நமது இளைஞர்கள் சிலர் முதல் போட்டு நடத்துகின்ற தொழில் இது. கொம்பியூட்டர் திருத்துகின்ற கடையில் ஒரு மூலையாகத் தொடங்கும். பிறகு ஒரு கண்ணாடி அலுமாரி வரும். அதில் டிஸ்க், கொன்ட்ரோலர், பாவித்த பிளேஸ்டேஷன் எல்லாம் அடுக்கப்படும். போட்ட முதலில் ஒரு பகுதி கட்டாரிலோ சவூதியிலோ குடும்பத்தில் ஒருவர் உழைத்து அனுப்பிய காசாக இருக்கும்.

இந்தக் கடைகளுக்குக் கொழும்பிலிருந்து சரக்கு வரும்போது கூடவே ஓர் எண்ணும் வந்து சேரும். "அமெரிக்காவில் முதல் கிழமையிலேயே இத்தனை இலட்சம் விற்றது", "ஜப்பானில் முதலாம் இடம்" என்பார் மொத்த வியாபாரி. அதைக் கேட்டுத்தான் பத்து எடுக்க வந்தவர் இருபது எடுக்கிறார். பின்திகதியிட்ட காசோலையும் எழுதிக் கொடுக்கிறார். அந்த எண்ணை யார் எண்ணினார்கள், எங்கே நின்று எண்ணினார்கள் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மருதமுனையில் சாரம் நெய்து விற்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நூறு சாரம் கட்டி வெளியூர்க் கடைக்கு அனுப்பினால் தறிக்காரரின் கொப்பியில் நூறு என்று விழும். கடைக்காரர் அதில் நாற்பதை விற்றிருப்பார். மிச்சம் அறுபது அலுமாரியில் இருக்கும், அல்லது அடுத்த லொறியில் திரும்பி வரும். "எத்தனை விற்றது?" என்ற ஒரே கேள்விக்கு நூறு, நாற்பது என்று இரண்டு பதில்கள். இரண்டிலும் பொய் இல்லை. ஒன்று அனுப்பிய வாசலில் எண்ணியது, மற்றது கல்லாப்பெட்டியில் எண்ணியது.

வீடியோ கேம் கம்பனிகள் தமது அறிக்கைகளில் சொல்வது பெரும்பாலும் முதல் வகைக் கணக்கு. சோனி நிறுவனம் நெடுங்காலம் "உற்பத்தி செய்து அனுப்பியவை" என்றே பிளேஸ்டேஷன் எண்ணிக்கையை வெளியிட்டு வந்தது. 2007 ஏப்ரலில்தான் அந்த முறையை மாற்றி, விற்பனையாகப் பதியப்பட்டவற்றைச் சொல்லத் தொடங்கியது. அதுகூட கம்பனி வியாபாரிக்கு விற்ற கணக்குத்தான்; வீட்டுக்குப் போன கணக்கல்ல. மைக்ரோசொஃப்ட் 2006 முடிவில் 10.4 மில்லியன் எக்ஸ்பொக்ஸ் 360 என்று பெருமையாக அறிவித்தது. அதுவும் கடைகளுக்கு அனுப்பியது. அடுத்து வந்த 3 மாதங்களில் அவர்கள் அனுப்பியது வெறும் 0.5 மில்லியன். நத்தார்ப் பருவம் முடிந்தால் வியாபாரம் படுப்பது வழக்கம்தான். ஆனால் அதற்கடுத்த 3 மாதங்களிலும் 0.7 மில்லியனைத் தாண்டவில்லை. கடைகளின் பின்னறைகள் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தன என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

இந்தியாவில் வாகன வியாபாரத்திலும் இதே கதைதான். உற்பத்தியாளர் சங்கம் விற்பனை முகவர்களுக்கு அனுப்பிய வாகனங்களை எண்ணுகிறது. முகவர்களின் சம்மேளனம் போக்குவரத்து அலுவலகங்களில் பதிவான வாகனங்களை எண்ணுகிறது. 2024 செப்டம்பரில் முகவர்கள் தமது முற்றங்களில் 80 நாட்களுக்கு மேற்பட்ட விற்பனைக்கான கார்கள் தேங்கி நிற்பதாக முறையிட்டார்கள். அங்கே பிரச்சினை வெளியில் தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பதிவு இலக்கம் இருப்பது. பிளேஸ்டேஷனுக்கு யார் இலக்கத் தகடு கொடுக்கிறார்கள்?

பாலைவனத்தில் புதைத்த சரக்கு

அனுப்பியதை விற்றதாக எண்ணினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்தத் தொழிலின் மிகப் பெரிய பாடம் 1982இல் நடந்தது. சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் நமது கடைக்காரர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு தந்திரம் இருக்கிறது.

அப்போது அமெரிக்க வீட்டு வீடியோ கேம் சந்தையின் ராஜா அட்டாரி கம்பனி. அதன் தாய்க் கம்பனி வார்னர். கேட்ட சரக்கை அட்டாரியால் கொடுக்க முடியாத அளவுக்குக் கிராக்கி. நூறு கேட்டால் ஐம்பதுதான் வரும் என்று கண்டுகொண்ட வியாபாரிகள், நூறு தேவைப்பட்டால் இருநூறு என்று எழுதத் தொடங்கினார்கள். பெருநாள் சீசனில் துணி எடுக்கப் போகும் நமது வியாபாரிகள் செய்வதும் இதுதானே! 1981 ஒக்டோபரில் அட்டாரி, அடுத்த வருடம் முழுவதற்குமான ஓடர்களை இப்போதே தாருங்கள் என்று விநியோகஸ்தர்களிடம் கேட்டது. அவர்களும் பயத்தில் கூட்டிக் கூட்டி எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்களின் கூட்டுத்தொகையை அட்டாரி கிராக்கி என்று வாசித்தது.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். "பெக்மேன்" கேமுக்கு 12 மில்லியன் கெசட் அடித்தார்கள். அதைப் போட்டு விளையாடும் பெட்டியோ அப்போது சுமார் 10 மில்லியன் வீடுகளில்தான் இருந்தது. ஸ்பீல்பேர்க்கின் "ஈ.டி." படத்தை வைத்து ஐந்தாறு கிழமைக்குள் ஒரு கேமைச் செய்து முடித்து, நத்தாருக்கென்று சுமார் 4 மில்லியன் பிரதி தயாரித்தார்கள். விற்றது ஏறத்தாழ 1.5 மில்லியன். இதற்கிடையில் போட்டிக் கம்பனிகளின் கேம்களும் சந்தையில் குவிந்ததால், தேவைக்கு அதிகமாக எழுதிய ஓடர்களை வியாபாரிகள் ரத்துச் செய்தார்கள். எடுத்த சரக்கையும் திருப்பினார்கள். 1982 டிசம்பர் 7ஆம் திகதி வார்னர் தனது இலாப எதிர்பார்ப்பைக் குறைத்து அறிவித்தது; பங்கு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. 1983இல் விற்காத சரக்கை லொறி லொறியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் சொல்லி வந்தார்கள். 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது சுமார் 1,300 கெசட்டுகள் வெளியே வந்தன.

1983இல் சுமார் 3.2 பில்லியன் டொலராக இருந்த அமெரிக்க வீட்டு வீடியோ கேம் வியாபாரம், 1985இல் 100 மில்லியன் டொலர் அளவுக்கு விழுந்ததாகக் கணக்கிடுகிறார்கள். மட்டமான கேம்கள்தான் காரணம் என்பது பொதுவான பேச்சு. அது உண்மைதான். ஆனால் என் பார்வையில் மட்டமான சரக்கு கடையைத்தான் கெடுக்கும். ஒரு தொழிலையே படுக்க வைத்தது தப்பான வாசலில் நின்று எண்ணிய கணக்கு.

கல்லாப்பெட்டியில் எண்ணுகிறவர்கள்

கடையில் உண்மையில் விற்றதை எண்ணும் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. சிக்காகோவில் 1923இல் தொடங்கிய நீல்சன் கம்பனி, 1930களில் மருந்துக் கடைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் ஆள் அனுப்பியது. முந்திய கையிருப்பு, அதனுடன் புதிதாக வாங்கியது, அதிலிருந்து இன்று அலுமாரியில் மிச்சம் உள்ளதைக் கழித்தால் விற்பனை. வருடத்துக்கொரு முறை ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காகச் சரக்கு எண்ணுகின்ற நமது வியாபாரிகளுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

பார்கோட் வந்த பிறகு ஆள் அனுப்பும் தேவை குறைந்தது. அதற்கு முன் எவ்வளவு ஊகம் நடந்தது என்பது இசைத்தட்டு வியாபாரத்தில் அம்பலமானது. அமெரிக்காவின் "பில்போர்ட்" சஞ்சிகை கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து "எது நன்றாகப் போகிறது?" என்று கேட்டுத்தான் தரவரிசை போட்டு வந்தது. கடைப் பையன் வாயில் வந்ததைச் சொல்வான். கம்பனி முகவர் அன்பளிப்புக் கொடுத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்வான். 1991 மே மாதம் பார்கோட் கணக்குக்கு மாறியதும், கிராமிய இசையும் கறுப்பின இளைஞர்களின் ரப் இசையும் திடீரென்று மேலே ஏறின. ஒரே இரவில் இரசனை மாறிவிடவில்லை. அந்தப் பாட்டுகளை வாங்கியவர்கள் முன்பும் இருந்தார்கள், எண்ணப்படவில்லை.

அமெரிக்காவில் வீடியோ கேம் விற்பனையை இப்படிக் கணக்கெடுத்து வந்தது என்.பி.டி. என்ற கம்பனி. இன்னொரு கம்பனியுடன் இணைந்து 2023 முதல் அதன் பெயர் சர்கானா. பெரிய கடைச் சங்கிலிகள் தமது கல்லாக் கணக்கைக் கொடுக்கும். கொடுக்காதவற்றை மதிப்பிட்டுச் சேர்த்துக் கொள்வார்கள். இங்கேதான் ஓட்டை. 2001இல் வால்மார்ட், இனி எமது விற்பனைக் கணக்கை வெளியாருக்குக் கொடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. நீல்சனுடன் மீண்டும் உடன்பட்டது 2011இல்தான். உலகின் மிகப் பெரிய சில்லறைக் கடைக்காரர் வாயை மூடிக்கொண்டால் மிச்சக் கடைகளை வைத்து ஊகிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஊகம் எப்படிப் பிசகும் என்பதற்கு ஒரு பேச்சுக்கு நமது ஊரையே எடுப்போம். கல்முனையில் பத்துக் கேம் கடைகள் இருக்கின்றன, அதில் மூன்று மட்டும் கணக்குத் தருகின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்றிலும் சேர்த்து ஒரு மாதத்தில் ஒரு கேம் 30 விற்றால், பத்துக்கும் 100 என்று எழுதுவார்கள். அந்த மூன்றில் ஒன்று பாடசாலைக்கு முன்னால் இருந்தால்? அந்த 30இல் 24ஐ அந்தக் கடையே விற்றிருந்தால்? கணக்கு கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். நன்றாக விற்கும் பெரிய கேம்களுக்கு இந்தப் பிழை சிறிது. எண்பதாம் இடத்தில் நிற்கும் கேமுக்கு இந்த எண் ஏறத்தாழச் சீட்டுக் குலுக்கல் மாதிரி. ஜப்பானில் ஃபமித்சு சஞ்சிகையும் மீடியா கிரியேட் கம்பனியும் வருடக்கணக்காக ஒரே வாரத்துக்கு, ஒரே கேமுக்கு வெவ்வேறு எண்களைப் போட்டு வந்ததற்குக் காரணம், கணக்குத் தரும் கடைகளும் பெருக்கும் முறையும் வேறு வேறாக இருந்ததுதான்.

சரக்கு இல்லாததும் கணக்கில் தெரியாது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்த பிறகு, ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அது கடைகளில் தாராளமாகக் கிடைக்கவில்லை. அந்த மாதங்களின் எண்ணிக்கை, எத்தனை பேர் விரும்பினார்கள் என்பதைக் காட்டவில்லை. எத்தனை பெட்டி வந்து இறங்கியது என்பதைத்தான் காட்டியது.

இன்னொன்று, இந்தக் கணக்குகள் விற்பனைச் சரக்கு. காசு கட்டும் கம்பனிகளுக்கே முழு விபரமும் போகும். என்.பி.டி. முன்பு பொதுமக்களுக்கும் கொன்சோல் எண்ணிக்கையை வெளியிட்டு வந்தது. 2010இல் அதை நிறுத்தியது. இலவசமாக எண் கொடுக்கிறோம் என்று வந்த இணையத்தளங்களில் பெயர் பெற்றது விஜிசார்ட்ஸ். அது கொடுத்தவை மதிப்பீடுகள். கம்பனிகளின் அறிக்கை வந்த பிறகு பழைய வாரங்களின் எண்களும் அதற்கேற்பத் திருத்தப்படும். மதிப்பீடு என்று சொல்லி மதிப்பீட்டைக் கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் அந்த எண் கொழும்பு புறக்கோட்டையைத் தாண்டி கல்முனை வந்து சேர்வதற்குள் "மதிப்பீடு" என்ற சொல் வழியிலேயே விழுந்துவிடுகிறது.

எனக்கு மகன் முறையான ஒரு தம்பி இப்படித்தான் ஒரு கேமில் இருபது டிஸ்க் எடுத்தான். "டொப் டென்னில் இருக்கிற கேம், ஒரு மாதத்தில் முடியும்" என்றார்களாம். ஐந்து மாதத்தில் போனது ஆறு. "சாச்சா, அவங்க காட்டின லிஸ்ட் பொய்யா?" என்று கேட்டான். லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். அமெரிக்காவின் மாதாந்தத் தரவரிசை, பொய் என்று சொல்ல இடமில்லை. அந்தக் கேமோ அமெரிக்கக் காற்பந்து. நம் பிள்ளைகள் பந்தைக் காலால் உதைத்துப் பழகியவர்கள்.

நம்மை எண்ணியது யார்?

பிளேஸ்டேஷன் 2 உலகில் அதிகம் விற்ற கொன்சோல். 2013இல் உற்பத்தி நிற்கும்போது 155 மில்லியனுக்கு மேல் என்றார்கள். 2024இல் சோனியின் அப்போதைய கேம் பிரிவுத் தலைவர் 160 மில்லியன் என்றார். தயாரிப்பு நின்று பத்து வருடத்துக்குப் பிறகும் சொந்தக் கம்பனியின் எண்ணே சில மில்லியன் அசைகிறது என்பதைக் கவனியுங்கள்.

அந்த 160 மில்லியனில் நமது கரையோரத்துக்கு வந்தவை எந்த நாட்டுக் கணக்கில் இருக்கின்றன? டுபாயில், ரியாதில், தோஹாவில் வாங்கப்பட்டு, சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் நடுவில் போர்வையில் சுற்றி, கட்டுநாயக்காவில் இறங்கிய பெட்டிகள் எத்தனை! அவை வளைகுடாவின் விற்பனையாகப் பதியப்பட்டிருக்கும். பயணிகளின் பொதியில் வந்ததால் இலங்கைச் சுங்கத்தின் வர்த்தக இறக்குமதிப் புள்ளிவிபரத்தில் அவை தனியாகத் தெரியாது. ஆனால் மருதமுனையில் ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் அதில் பத்து வருடம் விளையாடியிருப்பார்கள். பிறகு அது பாவித்த சாமானாகக் கைமாறி இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கும். இரண்டாம் கை வியாபாரத்தை உலகின் எந்தப் பெரிய கணக்கும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. நமது கடைகளுக்கோ அது முக்கியமான வருமானம்.

டிஸ்க் விடயம் இன்னும் சிக்கல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் பிரதி எடுத்து விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, பிளேஸ்டேஷன் 2 காலத்தில் பிரதான வீதிகளில் எது விற்றது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. விளைவை மட்டும் பாருங்கள். ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006இல் வெளியிட்ட "கிரிக்கெட் 07" இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் எங்கும் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் விளையாடிய கேம். புதிய வீரர்களின் பெயரையும் உடுப்பையும் தாங்களே மாற்றி மாற்றி, பத்து வருடம் கடந்தும் விளையாடினார்கள். ஈ.ஏ.யோ அதோடு தன் கிரிக்கெட் வரிசையை நிறுத்திக்கொண்டது. அதற்கு உரிமம் முதலான வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேமின் மிகப் பெரிய இரசிகர் கூட்டம் எந்தக் கல்லாப்பெட்டியிலும் பதியப்படவில்லை. அடுத்த கேம் செய்யலாமா என்று முடிவெடுக்கும் மேசைக்கு அந்தக் கூட்டத்தின் எண் போய்ச் சேர வழியே இருக்கவில்லை.

சோனி 2009, 2010 அளவில் "தேசி அட்டா", "ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்" போன்ற கேம்களை இந்தியாவிலேயே செய்வித்து பிளேஸ்டேஷன் 2இல் வெளியிட்டது. மேற்கில் பிளேஸ்டேஷன் 3 வந்து சில வருடங்கள் ஆகியும் இந்தப் பக்கத்தில் பழைய பெட்டிதான் ஓடுகிறது என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்குச் சந்தை தெரிந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

கணக்கில் விடுபடுவது நமக்குப் புதிதல்ல. விலைவாசி ஏற்றத்தை அறிய நாடு முழுவதும் நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்தான். எல்லா மாகாணங்களையும் சேர்த்த தேசிய சுட்டெண் 2015இல்தான் வந்தது.

இப்போது டிஸ்க்கே மெல்ல மறைந்து வருகிறது. இணையத்தில் தரவிறக்கும் கேம் கடை வாசலையே காண்பதில்லை. அமெரிக்கக் கணக்கில்கூட எல்லாக் கம்பனிகளும் இணைய விற்பனையைப் பகிர்வதில்லை. நின்டென்டோ தனது இணைய விற்பனையைச் சர்கானாவுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு நின்டென்டோ கேம் அந்தத் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் நின்றால் உண்மையில் இன்னும் மேலே இருக்கக்கூடும். ஸ்டீம் தளத்தில் எந்தக் கேம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று மதிப்பிட 2015இல் தொடங்கிய ஸ்டீம் ஸ்பை, அங்கத்தவர் பக்கங்களைப் பார்த்து எண்ணியது. 2018 ஏப்ரலில் அந்தப் பக்கங்கள் மறைக்கப்பட்டதும் அதன் கணக்கின் அடித்தளமே போனது. மைக்ரோசொஃப்ட் 2015 முதல் கொன்சோல் எண்ணிக்கையைச் சொல்வதையே நிறுத்தி, மாதத்துக்கு எத்தனை பேர் இணைகிறார்கள் என்பதைச் சொல்லத் தொடங்கியது. கம்பனி தனக்கு வசதியான வாசலில் போய் நிற்கும். அதை நாம் தடுக்க முடியாது.

நமது கடைக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை ஆறேழு கடைகள், மாதக் கடைசியில் எது எத்தனை போனது என்று எழுதி ஒருவரிடம் கொடுக்கலாம். அவர் பெயர்களை வெட்டிவிட்டு மொத்தத்தை மட்டும் எல்லோருக்கும் திருப்பிக் கொடுப்பார். என்.பி.டி. செய்ததும் சாரத்தில் இதுதான்; கணக்குக் கொடுத்த கடை பக்கத்துக் கடையின் கணக்கைப் பார்க்க முடியாது, ஆனால் ஊரின் கணக்கைப் பார்க்கலாம். புறக்கோட்டையில் காசோலை எழுத முன் அந்த ஒரு தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் இருபது எடுப்பதா ஆறு எடுப்பதா என்று தெரியும். விற்காததைத் திருப்பி எடுப்பீர்களா என்று மொத்த வியாபாரியிடம் கேட்கும் துணிவும் வரும். அவர் திருப்பி எடுக்க மறுத்தால், தான் சொன்ன எண்ணை அவரே எவ்வளவு நம்புகிறார் என்பதும் விளங்கும்.

இதை நான் இரண்டு மூன்று கடைகளில் சொல்லிப் பார்த்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. சிரமம் வேறிடத்தில். நமது பஸாரில் யாரிடம் போய் "வியாபாரம் எப்படி காக்கா?" என்று கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஏதோ போகுது தம்பி." கடை நிரம்பி வழியும் நாளிலும் அதுதான், ஈ ஓட்டும் நாளிலும் அதுதான். கொப்பியைத் திறந்து உண்மையான எண்ணை எழுதிக் கொடுக்க, முதலில் எல்லோரும் நம்புகின்ற ஒரு கை வேண்டும். பாடசாலையில் வணிகம் படிப்பிக்கின்ற ஓர் ஆசிரியர், கேம் கடையே இல்லாதவர், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். டிஸ்க்கை விட்டுவிட்டு, கைமாறும் பாவித்த கொன்ட்ரோலர்களை முதல் மாதம் எண்ணிப் பார்ப்போம் என்பது அவருடைய யோசனை.